மகளைத் தங்கச்சி ஆக்கிய ஃபாரம்

1

என் மகள் ஷமீமாவை ஒரு ஃபாரம் எனக்குத் தங்கச்சி ஆக்கிவிட்டது. அந்த ஃபாரத்தை நிரப்பியது யார், அதை அழுத்தியது யார், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை நடந்தது நடந்தபடி எழுதி வைக்கிறேன். போனில் சொன்னால் "சரி அத்தா, சரி அத்தா" என்று வைத்துவிடுகிறார்கள். எழுதினால் நடுவில் வைக்க முடியாது.

இது என் பிள்ளைகள் இரண்டு பேருக்கு. மூத்தவன் ரியாஸ், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இளையவள் ஷமீமா, கூத்தாநல்லூரில் தாயோடு இருந்து டிகிரி முடித்தவள். இவர்களுக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதுகிறேன். நாளைக்கு இவர்களுடைய பிள்ளைகள் படித்தாலும் விளங்க வேண்டும். 'நீ' என்று எழுதாமல் ஆளாளுக்குப் பேர் போட்டே எழுதுவேன். என் தொழிலில் 'நீ' என்று யாரும் கிடையாது. முழுப் பேர், அத்தா பேர், பிறந்த ஊர், அவ்வளவுதான் மனிதன்.

நான் நூர் முகமது. என் அத்தா பேர் ஷேக் அலாவுதீன். இந்த இரண்டு பேரையும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வந்த வினை எல்லாம் இந்த இரண்டு பேரால்தான்.

ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் எனக்கு இந்த மாதத்தோடு இருபத்தோரு வருஷம் ஆகிறது. டைப்பிங் சென்டர் என்றால் ஊரில் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள் இருப்பார்களே, அதேதான். மரத்தடிக்குப் பதில் ஏசி. விசாவுக்கு, மெடிக்கலுக்கு, அடையாள அட்டைக்கு என்று எல்லா ஃபாரத்தையும் அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்துக் கொடுக்க வேண்டும். பாலித்தீன் கவரில் பாஸ்போர்ட்டைப் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவார்கள். வாங்கி, விரித்து, ஒவ்வொரு எழுத்தாக அடிப்பேன். அடித்ததும் பென்சில் முனையை வைத்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பேன். உள்ளே வரிசையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஃபாரத்தின் அடியில் 'தட்டச்சு செய்தவர்' என்ற இடத்தில் என் பேர் இருக்கிறது, அவர்கள் பேர் இல்லை.

2

வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் ஊரில் வாங்கிய அடியால் வந்தது.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, வேலை கிடைக்காமல் தாலுகா ஆபீஸ் வாசலில் மேஜை போட்டேன். பட்டா மாறுதல், வாரிசு சான்று, வெள்ளத்தில் சம்பா முழுகினால் அதற்கு ஒரு மனு. அதை நினைத்து உருகுகிற ஆள் இல்லை நான். வெயில், புழுதி, ஒரு கையெழுத்துக்கு ஒன்பது நடை, அவ்வளவுதான் அங்கே இருந்தது.

பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ராஜேந்திரன்கள். ஒருவர் சோமசுந்தரம் மகன், இன்னொருவர் சாமிநாதன் மகன். சோ. ராஜேந்திரன், சா. ராஜேந்திரன். இரண்டு பேருக்கும் வயல் ஒரே வாய்க்காலில்தான். சோ. ராஜேந்திரன் தன் தகப்பனார் விட்டுப்போன ஆறு மா நிலத்தைத் தன் பேருக்குப் பட்டா மாற்ற என்னிடம் வந்தார். அவசரத்தில் நான் 'சோ' எழுதும்போது முன்னால் போட வேண்டிய கொம்பை விட்டுவிட்டேன். கொம்பு போனால் 'சோ' 'சா' ஆகிவிடும். ஆனது. ஆறு மாவும் சா. ராஜேந்திரன் பேருக்குப் போனது.

நடவு நேரம். நாற்று பறித்து வைத்திருக்கிறது. சா. ராஜேந்திரன் வரப்பில் வந்து நின்று, "கவர்மெண்டே என் பேருன்னு சொல்லுது, நீ எதுக்கு இறங்குற?" என்றிருக்கிறார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாராம். பிறகு மண்வெட்டி வரைக்கும் போய்விட்டது. அந்தப் போகம் முழுக்க அந்த ஆறு மா தரிசாகக் கிடந்தது.

சோ. ராஜேந்திரன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"ஏன் தம்பி, ஒரு கொம்பு போடக் கையில வலு இல்லையா?"

அவ்வளவுதான் கேட்டார். அதைச் சரிபண்ண இரண்டு வருஷம் ஆனது. எங்கள் பக்கத்தில் இனிஷியல் என்பது அலங்காரம் இல்லை. ஒரு மனிதன் யாருக்குப் பிறந்தான் என்பதை அந்த ஒற்றை எழுத்துதான் சொல்கிறது. அது தப்பினால் வயலும் தப்பும், ஆளும் மாறிவிடுவான்.

3

போன வருஷம் எங்கள் கடை மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. மேனேஜர் மலையாளி, நல்ல மனிதர் என்றுதான் இத்தனை நாள் எழுதியிருப்பேன்.

"நூர்பாய், உங்க மோன் கம்ப்யூட்டர் ஆளல்லே? நம்ம ஃபாரத்தை எல்லாம் தானா நிரப்புற மாதிரி ஒண்ணு செஞ்சு தரச் சொல்லுங்க."

ரியாஸிடம் சொன்னேன். அவனுக்கு அது மூன்று வார வேலை. அவன் எனக்கு விளக்கிய மாதிரியே எழுதுகிறேன். கவர்மெண்ட் கொடுக்கிற ஃபாரம் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், நம் கண்ணுக்குத் தெரியாது. வருகிற ஆள் தன் போனில் ஒரு வெப் பக்கத்தில் தன் விவரத்தை ஒரு தடவை அடித்தால் போதும். ரியாஸ் எழுதிய ஸ்கிரிப்ட் என்கிற சின்ன புரோகிராம் அதை எடுத்துக்கொண்டு போய் எந்தக் கட்டத்தில் எது விழ வேண்டுமோ அங்கே போட்டுவிடும். புது ஃபாரம் செய்ய வேண்டியதில்லை, இருக்கிற ஃபாரமே நிரம்பி வந்து நிற்கும்.

"கட்டத்துக்கெல்லாம் பேர் இருக்காடா?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா. பேர் இல்லாம எப்படித் தேடுறது?"

பெருமையாக இல்லையா என்றால், இருந்தது. பொய் எழுதமாட்டேன். முதல் நாள் அரை மணி நேர வேலை இரண்டு நிமிஷத்தில் முடிந்தபோது மேனேஜர் ரியாஸுக்கு வீடியோ காலில் கை தட்டினார். "உங்க மோன் கில்லாடி!" நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் வந்தால் என் மேஜையில் இருந்த இரண்டு கீபோர்டில் ஒன்றைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தார்கள். அரபி எழுத்து ஒட்டிய கீபோர்டு. இருபது வருஷத்தில் என் விரல் பட்டு 'அலிஃப்' அழிந்துபோனது அதில்தான்.

அன்று முதல் என் வேலை பட்டனை அழுத்துவது, பிரிண்ட் எடுப்பது, டைப் அடிக்க எனக்குக் கொடுத்திருக்கிற அனுமதிக் கார்டை வைத்து அனுப்புவது.

வருகிறவர்களுக்கும் அதில் ஒன்றும் சுகம் இல்லை. பேராவூரணியில் இருந்து வந்த ஒரு தென்னந்தோப்புக்காரர், பிறந்த ஊர் கட்டத்தில் 'பேரா' என்று மட்டும் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏன் பாய், மீதி ஊரை யாரு எடுத்துக்கிட்டா?" என்றார். கட்டம் சின்னது, ஊர் பெரிது. நான் அடித்திருந்தால் எழுத்தைக் குறுக்கி முழுசாக நுழைத்திருப்பேன். ஸ்கிரிப்ட் வெட்டியது. ரியாஸிடம் சொன்னேன். "சின்ன விஷயம்தாத்தா, பார்க்கிறேன்" என்றான். பார்க்கவில்லை.

4

இருபத்தோரு வருஷத்தில் நான் ஷமீமாவோடு ஒரே வீட்டில் தொடர்ந்து இருந்தது அதிகபட்சம் இரண்டு மாதம். அதுவும் லீவில். நாலாம் வகுப்பு படிக்கும்போது டீச்சரிடம், "எல்லாருக்கும் அத்தா இருக்காங்க, எனக்கு லீவு அத்தா" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் அதைச் சிரித்துக்கொண்டே என் மனைவி ஹபீபாவிடம் சொல்ல, ஹபீபா சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். எனக்கு அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தாகிவிட்டது. நிக்காஹ் அடுத்த வருஷக் கடைசியில் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் வேறு வீட்டுப் பெண். அதற்கு முன்னால் ஒரு வருஷமாவது தாயும் மகளும் என்னோடு இங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். கூட வேலை செய்கிற ஒருவர் ஒரு வருஷத்துக்கு ஊருக்குப் போகிறார், அவருடைய ஃபிளாட்டில் இருந்துகொள்ளச் சொன்னார். குடும்ப விசாவுக்கு வேண்டிய தகுதி எனக்கு இருந்தது. இவ்வளவும் ஒன்றாகக் கூடி வந்தது இருபத்தோரு வருஷத்தில் இந்த ஒரு தடவைதான்.

ஷமீமா போனில், "வர்றேன் அத்தா. நீங்க சோத்துக்கு ரசம் முதல்ல ஊத்துவீங்களா, குழம்பு முதல்ல ஊத்துவீங்களான்னு கூட எனக்குத் தெரியாது" என்றாள்.

இனி எழுதப் போகிறது என் தப்பு. மறைக்காமல் எழுதுகிறேன். ஹபீபாவுக்கும் ஷமீமாவுக்கும் ஃபாரம் போட உட்கார்ந்தபோது கையால் அடிக்கலாமா என்று நினைத்தேன். அதற்கு முந்தின நாள்தான் ரியாஸ் என்னிடம், "உங்களுக்கு எதையும் நம்பத் தெரியாது அத்தா. மெஷின் உங்களை விடத் தப்பு கம்மியாத்தான் பண்ணும்" என்று சொல்லியிருந்தான். அந்த வார்த்தை உள்ளே குத்திக்கொண்டிருந்தது. சரிடா, உன் தங்கச்சிக்கும் உன் மெஷினையே போடுகிறேன், நாளைக்கு நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வீம்பு. விவரத்தை அடித்து, 'இனிஷியல் உள்ளவர்' என்ற இடத்தில் டிக் போட்டேன். பட்டனை அழுத்தினேன். இரண்டு நிமிஷம். பென்சிலை எடுக்கவில்லை. ஒரு வரி படிக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

5

ஹபீபாவுக்கு அனுமதி வந்தது. இரண்டு மாதத்துக்குள் வந்து இறங்காவிட்டால் காலாவதி. ஷமீமாவுக்கு மறுப்பு வந்தது. காரணம் அரபியில் ஒரே வரி: சகோதரிக்கு இவ்வகை அனுமதி இல்லை.

மூன்று தடவை படித்தேன். எனக்குக் கூடப்பிறந்த பெண்ணே கிடையாது.

அனுப்பிய ஃபாரத்தைத் திறந்து பார்த்தேன். பேர்: ஷமீமா. தகப்பன் பேர்: ஷேக் அலாவுதீன். உறவு: சகோதரி. என் அத்தா மவுத்தாகி முப்பது வருஷம் ஆகிறது. என் மகள் பிறந்து இருபத்தொன்று. அவரை எழுப்பிக் கொண்டுவந்து அவளுக்குத் தகப்பனாக உட்கார வைத்திருக்கிறது அந்த ஸ்கிரிப்ட். கட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற பேரையெல்லாம் தேடிப் பிடிக்கிறவன், கண்ணெதிரே வளர்ந்த தங்கச்சிக்கு அத்தா பேரை மாற்றிவிட்டான்.

ரியாஸைக் கூப்பிட்டேன். ஆபீஸில் இருந்தான்.

"மீட்டிங்ல இருக்கேன் அத்தா."

"உன் தங்கச்சி எனக்குத் தங்கச்சி ஆயிட்டா. மீட்டிங்ல எல்லாருக்கும் சொல்லு."

வெளியே வந்து பேசினான். ஃபாரத்தை அனுப்பச் சொன்னான், பார்த்தான். பிறகு சொன்னான்: "ஃபேமிலி நேம் ஒரு தடவை அடிச்சாப் போதும்னு வெச்சேன் அத்தா. ஸ்பான்சர் பண்றவரோட ஃபேமிலி நேம் எதுவோ, அதுவே பொண்டாட்டி பிள்ளைங்களுக்கும் போயிடும். திரும்பத் திரும்ப அடிக்க வேணாம்ல."

"அது சேட்டுக்குச் சரி, நாயருக்குச் சரி. நமக்கு ஏதுடா ஃபேமிலி நேம்? என் பாஸ்போர்ட்ல அந்த இடத்துல என் அத்தா பேர் இருக்கு. அவ பாஸ்போர்ட்ல அந்த இடத்துல என் பேர் இருக்கு. உன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாரு, உன்னுதுலயும் நான்தான் இருக்கேன்."

"அதான் 'இனிஷியல் உள்ளவர்'னு தனியா ஒரு டிக் வெச்சிருக்கேனே. அதைப் போட்டா ஃபேமிலி நேமையே ஃபாதர் நேமா எடுத்துக்கும். ரெண்டு பேருக்கும் ஒரே ஃபாதர்னா அண்ணன் தங்கச்சின்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். அம்மாவுக்குக் கல்யாணச் சான்று நம்பர் இருந்ததால அதுல இருந்தே எடுத்துக்கிட்டு சரியா வந்துடுச்சு. இது ஒரு எட்ஜ் கேஸ் அத்தா."

"எட்ஜ்னா?"

"ஓரத்துல வர்றது. எப்பவாவது வர்ற கேஸ்."

"கன்னியாகுமரியில இருந்து திருத்தணி வரைக்கும் அத்தனை பேருக்கும் இனிஷியல்தான் இருக்கு. இத்தனை கோடி சனமும் உனக்கு ஓரமாடா?"

அவன் குரலும் உயர்ந்தது. "நான் என்ன கனவா கண்டேன்? நீங்கதான் அப்படி வைக்கச் சொன்னீங்க. வாட்ஸ்அப்ல உங்க வாய்ஸ் இருக்கு, போட்டுக் கேளுங்க." பிறகு ஒன்று சொன்னான். "சரி, மெஷின் தப்புப் பண்ணிடுச்சு. அனுப்புறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை படிச்சிருக்கலாம்ல?"

போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

வாய்ஸைத் தேடி எடுத்துக் கேட்டேன். பின்னால் பிரிண்டர் சத்தம், யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், நடுவில் என் குரல்: "நம்ம ஆளுங்களுக்கு ஃபேமிலி நேம்னா அத்தா பேருதான்டா. அதையே போட்டுடு, வை." ஏழு செகண்டு. அதில் ஒரு சொல் கூடப் பொய் இல்லை. 'ஆளுக்கு ஆள் மாறும்' என்ற மூன்று சொல்லைத்தான் சொல்லாமல் விட்டிருக்கிறேன். எனக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. கூத்தாநல்லூரில் பிறந்தவனுக்கு இதைச் சொல்ல வேண்டி வரும் என்று எவன் நினைப்பான்? அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஏழு வருஷம் பெங்களூரில் எல்லாப் பேரையும் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று பார்த்துப் பார்த்து, தன் பேருக்குப் பின்னால் நிற்கிறது யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

ஹபீபா கூப்பிட்டாள். "என்னாங்க, புள்ளைய விட்டுட்டு நான் மட்டும் எப்படி வர்றது? நாள் ஓடுதே." ஷமீமா பின்னால் இருந்து, "சொல்லுங்கம்மா, அண்ணன் எப்படி இருக்காருன்னு தங்கச்சி கேட்டுச்சுன்னு" என்றாள். அவளால் சிரிக்க முடிகிறது. எனக்கு மிச்சம் இருந்தது நாற்பத்தாறு நாள்.

6

மறுபடி போட வேண்டும் என்றால் முதலில் பழைய ஃபாரத்தை ரத்து செய்ய வேண்டும். அதற்கு ஆபீஸுக்கு நேரில் போக வேண்டும். அன்று அலமாரியைத் திறந்து என் கீபோர்டை எடுத்து மாட்டினேன். மேனேஜர் பார்த்தார். ஷமீமாவின் ஃபாரத்தைக் கையால் அடித்தேன். பென்சில் வைத்துப் படித்தேன். தகப்பன் பேர்: நூர் முகமது. உறவு: மகள். கூடவே ஒரு பக்கத்துக்கு விளக்கக் கடிதமும் அடித்தேன். எங்கள் நாட்டுப் பகுதியில் குடும்பத்துக்குப் பேர் கிடையாது, தகப்பன் பேர்தான் பிள்ளையோடு வரும், பேரப்பிள்ளைக்கு அது வராது என்று.

கவுண்டரில் ஒரு இளம் பெண் அதிகாரி. ஷமீமா வயதுதான் இருக்கும். கடிதத்தைப் படித்துவிட்டு அரபியில் கேட்டார்: "இந்தப் பெண் உங்களுக்கு யார்?"

ஒரு வாரமாக அந்த ஒற்றை வார்த்தையே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததா, வாயில் அதுவே வந்துவிட்டது. "உக்தீ" என்றேன். என் சகோதரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பின்த்தீ! பின்த்தீ!" என்று கத்தினேன். என் மகள், என் மகள். பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபத்தோரு வருஷம் அரபி அடித்தவன், இரண்டு எழுத்து அரபியில் மகளைத் தொலைத்துவிட்டு நின்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்கள் குடும்பத்துக்குப் பேரே இல்லையா?"

"இல்லை மேடம். என் பேர் என் பிள்ளைகளோட முடிஞ்சிடும்."

"அப்புறம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு உங்களை எப்படித் தெரியும்?"

"யாராவது சொன்னாத்தான் தெரியும்."

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். முதல் ஃபாரத்தில் தவறான தகவல் கொடுத்ததாக ஒப்புக்கொள்ளும் தாள். அடியில் ஒரு கட்டம்: தவறைச் செய்தவர் பெயர்.

இதைப் பற்றி முன்பே தெரியும் என்பதால் மேனேஜர் காலையிலேயே எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். "கடை பேர் எழுதாதீங்க நூர்பாய், செக்கிங் வரும். உங்க பேரும் வேண்டாம், டைப்பிங் கார்டை நிறுத்திடுவாங்க. சாஃப்ட்வேர் செஞ்ச ஆள் பேர் எழுதுங்க. அவன் இந்தியாவிலல்லே, அவனுக்கு என்ன?"

அவனுக்கு என்ன என்று மேனேஜருக்குத் தெரியாது. ரியாஸ் துபாயில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். தவறான தகவல் என்று இந்த நாட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு தடவை பேர் ஏறிவிட்டால், விசா போடும்போதெல்லாம் அந்தப் பேர் எழுந்து வந்து நிற்கும்.

பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் அது பொய். ரியாஸ் என்று எழுத ஆசையாக இருந்தது. எட்ஜ் கேஸ் என்று சொன்ன வாய்க்கு அது வேண்டும் என்று இருந்தது. 'ர' எழுதுவதற்குப் பேனாவைத் தாளில் வைத்தும் விட்டேன், அந்தப் புள்ளி இன்னும் அந்தத் தாளில் இருக்கும்.

நூர் முகமது என்று எழுதிக் கொடுத்தேன்.

மகனைக் காப்பாற்றியதாக யாரும் நினைக்க வேண்டாம். அழுத்திய விரல் என்னுடையது, படிக்காத கண் என்னுடையது. இல்லாததை எழுதினால் அதுவும் தப்பான தகவல்தான்.

7

எட்டாம் நாள் ஷமீமாவுக்கு அனுமதி வந்தது. பத்தாம் நாள் என் டைப்பிங் கார்டு நின்றது. ஆறு மாதத்துக்கு நான் எந்த ஃபாரத்தையும் தொடக் கூடாது. மேனேஜர் என்னை வெளியே அனுப்பவில்லை, அதுவரை நன்றி. கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு டோக்கன் கொடுக்க உட்கார வைத்திருக்கிறார். கீபோர்டு திரும்ப அலமாரிக்குப் போய்விட்டது.

ஸ்கிரிப்ட் இன்னும் அதேபடி ஓடுகிறது. மேனேஜரிடம் சொன்னேன். "தமிழ் ஃபேமிலி கம்மி அல்லே நூர்பாய். வந்தா கையால அடிக்கலாம்" என்றார். கையால் அடிக்க அங்கே யார் இருக்கிறார்கள்? ரியாஸுக்கு மெசேஜ் போட்டேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. கார்டு நின்றதை நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

இந்தக் குறிப்பைக் கதவுப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, டோக்கனுக்கு நடுவில் நடுவில் எழுதிக்கொண்டு வந்தேன். மிச்சத்தை ஃபிளாட்டில் வைத்து எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். ஷமீமா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தா, உங்களுக்கு டைப்பிங் போயிடுச்சாமே."

ஹபீபா கையை அப்படியே நிறுத்திவிட்டாள். "யாரு சொன்னா?" என்றேன்.

"அண்ணன். உங்க மேனேஜர் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாராம். அந்தக் கட்டத்துல நீங்க யார் பேரை எழுதினீங்கங்கிறதையும் சொல்லியிருக்காரு." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "நேத்து எங்கிட்டப் பேசும்போது அண்ணன் அழுதான் அத்தா. உங்ககிட்டப் பேச அவனுக்கு மூஞ்சி இல்லையாம்."

"அழட்டும்" என்றேன்.

"அத்தா!"

"அழட்டும்மா. அழுது முடிச்சிட்டு ஸ்கிரிப்ட்ல அந்த வரியை மாத்தச் சொல்லு. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனியா அத்தா பேரைக் கேட்டுட்டு எழுதச் சொல்லு. நாளைக்குக் காலையில கடை திறந்ததும் நான் டோக்கன் குடுப்பேன். வாங்கிட்டு உள்ளே போறவங்களுக்கும் பொம்பளப் பிள்ளைங்க இருக்கு."

ஷமீமா இடது கையால் போனை எடுத்தாள். அண்ணனுக்கு நான் சொன்னதை ஒரு சொல் குறையாமல் அடித்தாள். அனுப்புவதற்கு முன்னால் எனக்கு முன்னால் நீட்டி, "படிச்சுப் பாருங்க" என்றாள்.

படித்துப் பார்த்தேன். 'அழட்டும்' என்பதையும் சேர்த்து எழுதியிருந்தாள். சரியாகத்தான் இருந்தது. அனுப்பச் சொன்னேன்.